கரையோர வீட்டில் ஒரு ளகரப் பிழை

ஜனவரி 11

அன்புள்ள அக்கா,

இன்று காலையில் முதல் வேலையாக, காபிகூடக் குடிக்காமல் உன் மனைக்குப் போனேன். நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். இடது பக்கம் அச்சகத்தின் சுவர், வலது பக்கம் நாலு மாடிக் குடியிருப்பின் சுவர். என்னோடு இன்னும் இரண்டு பேர் கைகோத்து நின்றால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பாலம் போட்டுவிடலாம். மனையின் அலவு அவ்வளவுதான். பதினெட்டு அடி அகலம். நீளம் மட்டும் ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு முனையில் தெரு, மறு முனையில் ஆறு.

முன்பு படகு பழுதுபார்க்கும் பட்டறை இருந்த இடமாம். தரையெல்லாம் எண்ணெய்க் கறை. ஆனால் நான் நின்றுகொண்டிருந்தபோது அக்கரைக்குப் போகும் படகு கடந்தது. அதன் அலையில் பட்ட வெயில் அச்சகத்துச் சுவர் முழுக்க நெளிந்து நெளிந்து ஓடியது. அதைப் பார்த்ததும் இங்கே ஒரு வீடு கட்ட முடியும் என்று தோன்றிவிட்டது.

"உனக்குச் சரின்னு படறமாதிரி கட்டிக் குடு, வந்துடறேன். இல்லைன்னா வித்துட்டு இங்கேயே கிடக்கிறேன்" என்று நீ சொன்னதை மறக்கவில்லை. அங்கே தனியாக நீ கிடக்க வேண்டாம். ஆகவே நான் கட்டியே ஆக வேண்டும்.

உனக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்கப் போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும், "எல்லாத்தையும் எழுது, அப்பத்தான் நாளைக்கு நீ மாத்திப் பேச முடியாது" என்று வைத்துவிடுகிறாய். குறுஞ்செய்தியும் ஆகாதாம், அதில் நான் பாதி வார்த்தையை விழுங்கிவிடுகிறேனாம். சரி, கணக்கு வாத்தியாரம்மா, இதோ முழு வார்த்தைகளில் எழுதியாயிற்று. இருபத்தெட்டு வருஷம் பார்த்த வேலையைத் திடீரென்று ஏன் விட்டாய் என்பதையும் முழு வார்த்தைகளில் எழுது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே இவரும் நானும் சுகம். ஆபீசில் பெரியவர் நேற்று மூன்று தடவை கூப்பிட்டாராம், நான் திரும்பவே இல்லையாம். "வரைய உக்காந்தா இடி விழுந்தாலும் இந்தம்மாவுக்குக் கேக்காது" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

உன்
வாலு


ஜனவரி 24

வாலு,

முழங்கால் படியில் மட்டும் முனகுகிறது, மற்றபடி நான் நலம். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பது தெரிந்து நிம்மதி.

அலவு இல்லை, அளவு. அப்படி உனக்கும் ளகரத்துக்கும் என்னதான் வாய்க்கால் வரப்புத் தகராறோ. ஐந்தாம் வகுப்பில் உன் கையைப் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுதவைத்தேன். பலன் பூஜ்யம்.

வேலையை விட்டது போதும் என்று தோன்றியதால். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே சுவர்கள் குறைவாக இருக்கட்டும். நான் எங்கே இருந்தாலும் தெருக்கதவு திறந்தால் என் கண்ணில் பட வேண்டும். சுவரைப் பார்த்துக்கொண்டு சமைக்க மாட்டேன். யாராவது பின்னால் வந்து நின்றால் தூக்கிவாரிப் போடுகிறது. சாப்பாட்டு மேசை வட்டம். அழைப்பு மணி வேண்டவே வேண்டாம், அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆற்றுப் பக்கம் எவ்வளவு பெரிய ஜன்னல் வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஆனால் நான் உட்காரும்போது என் முதுகுதான் ஆற்றுக்கு இருக்க வேண்டும். வருகிறவர்கள் எனக்கு எதிரே, ஜன்னலைப் பார்த்து உட்காரட்டும்.

ஏன் என்று கேட்பாய். வழிமுறை எழுது, வழிமுறை எழுது என்று பிள்ளைகளை எவ்வளவோ வதைத்துவிட்டேன். இப்போது எனக்கு விடை மட்டும் போதும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

உன் முழங்காலுக்காகவே படிகளைத் தாழ்வாகப் போட்டிருக்கிறேன் என்ற நல்ல செய்தியோடு தொடங்குகிறேன். ஏனென்றால் மற்றதெல்லாம் சண்டை.

ஆற்றுக்கு முதுகைக் காட்டவா ஆற்றங்கரையில் மனை வாங்கினாய்? ஊரில் எத்தனை பேர் அந்தத் தண்ணீரைப் பார்க்க ஏங்குகிறார்கள் தெரியுமா. கரையிலிருந்து முப்பது அடிக்குள் எதுவும் கட்டக் கூடாது என்று சட்டம். இரண்டு பக்கச் சுவரிலும் ஒரு ஜன்னல்கூடத் திறக்க முடியாது. இத்தனைக்கும் நடுவில் தலைகீழாக நின்று ஆற்றுப் பக்கம் முழுவதையும் கண்ணாடியாக்கி, அதைப் பார்த்தாற்போல் சோபாவைப் போட்டேன். நீ திருப்பிப் போடு என்கிறாய். அடுப்பையும் சுவரோரம்தான் வைத்திருக்கிறேன், குழாயெல்லாம் அங்கேதான் இறங்குகிறது. வரைபடம் இதோடு இருக்கிறது. நிதானமாகப் பார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று பாக்கி. உனக்கு ஒலிதான் பிரச்சினை. அதைப் பற்றி நீ இதுவரை வாயே திறக்கவில்லை. உள்ளே போகப் போகக் குறைந்துகொண்டேதான் வரும், வயதான காலத்தில் இது பெரிய தொந்தரவு. ஒலி இல்லாமல் தனியாக எப்படி இருக்கப் போகிறாய் என்று யோசித்தாயா? மழுப்பாமல் எழுது. அதற்கெல்லாம் என்னிடம் வழி இருக்கிறது.

இவர் உன்னைக் கேட்டதாகச் சொன்னார். தினமும் அரைமணி நடக்கிறாய்தானே?

உன்
வாலு


பிப்ரவரி 15

வாலு,

கடிதம் கிடைத்தது.

ஒலியைப் பற்றி உன்னிடம் யார் சொன்னது? பள்ளிக்கூடத்திலிருந்து யாராவது பேசினார்களா?

எனக்கு வழி காட்ட வேண்டாம். வரைபடத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மனையை விற்றுத் தரச் சொல்லித் தரகரிடம் பேசிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒன்றும் புரியவில்லை. நலமாக இருக்கிறாயா இல்லையா என்பதுகூட அதில் இல்லை.

ஒலியைப் பற்றி எனக்கு ஒருத்தர் வந்து சொல்ல வேண்டுமா? பார்த்த முதல் நாளே தெரிந்துவிட்டது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? இது எத்தனையோ பேருக்கு இருக்கிற குறைதான்.

சோபாவைத் திருப்பிப் போட வேண்டும் என்றால் போடுகிறேன். விற்க மட்டும் வேண்டாம். நீ வரப் போகிறாய் என்று நினைத்தே இந்த வருஷத்தைத் தொடங்கினேன். போனையாவது எடு.

வாலு


ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் அடித்து அடித்து ஓய்கிறது. நீ நலம் என்பதை உன் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நேற்று ஒன்று நடந்தது. உனக்கு எழுதுவதை முதலில் ஒரு தாளில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் படி எடுப்பேன், உனக்கே தெரியும், பிழைக்குப் பயந்து. பிப்ரவரியில் கிறுக்கிய தாள் வரைபடக் கட்டுக்குள் கிடந்தது. இவர் அதை எடுத்துப் படித்துவிட்டு, "என்ன, உங்கக்காவுக்கு சினிமா தியேட்டரா கட்டுற?" என்றார்.

"ஏன்?"

"சவுண்டு சவுண்டுன்னு எழுதியிருக்க. சவுண்டு வராது, சவுண்டு இல்லாம எப்படி இருப்பேன்னு."

பிடுங்கிப் பார்த்தேன். நான் எழுத நினைத்தது ஒளி, அக்கா. வெளிச்சம். இரண்டு பக்கமும் அடைத்த நீண்ட வீட்டில் நடுவே இருட்டிவிடும் என்பதைத்தான் அவ்வளவு நீட்டி முழக்கியிருக்கிறேன். நீ பதிலில் ஒலி என்று எழுதியதையும் நான் வெளிச்சம் என்றே படித்திருக்கிறேன். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்று வேறு எழுதித் தொலைத்தேன்.

முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்து படித்தேன். மெதுவாக, ஒரு வரிக்கு ஒரு வரி நிறுத்தி.

ஏன் என்று கேட்கவில்லை. புது வரைபடம் இதோடு இருக்கிறது.

நடுவீட்டில் கூரையைத் திறந்து கண்ணாடி போட்டிருக்கிறேன், அதன் அடியில் வட்ட மேசை. உட்காரும் இடத்தில் ஆற்று ஜன்னலுக்கு யாருடைய முதுகும் இல்லை. எல்லோரும் பக்கவாட்டில். வெளிச்சம் உன் எதிரே இருப்பவர் முகத்தில் விழும், உன் முகத்திலும் விழும். நீ தலையைத் திருப்பினால் ஆறு. ஆளையும் பார்க்கலாம், ஆற்றையும் பார்க்கலாம். அடுப்பு மேடையைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்து அறையைப் பார்த்துத் திருப்பிவிட்டேன். குழாய்க்காரர் என்னைச் சபிக்கட்டும்.

அச்சகத்துப் பக்கச் சுவர் தெருவிலிருந்து ஆறு வரை ஒரே வெள்ளைச் சுவர். தெருக்கதவைத் திறந்தால் போதும், வெயில் அந்தச் சுவரில் நீளமாக ஓடும். வீட்டில் எங்கே இருந்தாலும் கண்ணில் படும். அழைப்பு மணி இல்லை. வெளியே பொத்தானை அழுத்தினால் உள்ளே மூன்று இடத்தில் விளக்கு எரியும். மாடியில் மரத்தளம். யாராவது நடந்தால் பாதத்துக்குத் தெரியும்.

அவ்வளவுதான். வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் நிறையக் குடி.

உன்
வாலு


ஏப்ரல் 12

என் வாலு,

நான் நலம். இந்தத் தடவை உண்மையாகவே.

வரைபடத்தை மேசையில் விரித்து நாலு மூலையிலும் டம்ளர் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளைச் சுவரில் விரலை வைத்துத் தெருவிலிருந்து ஆறு வரை ஓட்டிப் பார்த்தேன். நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன்.

இடது காது போய்விட்டது. வலதில் பாதி இருக்கிறது. மூன்று வருஷமாக ஆட்களின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறேன். ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறவர் எனக்கு வெறும் நிழல், ஒரு வார்த்தையும் தேறாது. போனுக்கு உதடே கிடையாது. அதனால்தான் உன்னை எழுத வைத்தேன்.

வேலையை விட்டதற்கு வழிமுறை கேட்டாயே, இதோ. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "மேடம், இது வகுபடுமா?" என்று கேட்டான். என் காதில் விழுந்தது, "வகுப்பு விடுமா?" நான், "மணி அடிச்சாத்தான் விடும், அதுக்குள்ள என்னடா அவசரம்?" என்று அதட்டினேன். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை, பாவம். எழுந்து நின்றபடியே விழித்தான். அடுத்த வாரம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அப்பாவை நினைத்துப் பார். விசேஷ வீடுகளில் யார் எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்று அம்மா அவர் எதிரிலேயே சொல்வாள். அதற்கும் சிரிப்பார், எதற்கென்று தெரியாமலே. அந்தச் சிரிப்பு என் முகத்தில் வருவதை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். முக்கியமாக நீ. பிப்ரவரியில் உன் கடிதத்தைப் படித்தபோது, போச்சு, இவளும் இனிமேல் கத்திப் பேச ஆரம்பித்துவிடுவாள் என்று இருந்தது.

நீயோ கத்தவில்லை. சுவரை வெள்ளையடித்திருக்கிறாய்.

விற்க வேண்டாம் என்று தரகரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. உதட்டைப் படித்த வரையில் வாழ்த்து இல்லை.

கட்டு. வருகிறேன். ஆயுளில் முதல் தடவையாக உன் ளகரத்துக்கு நன்றி.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்று ஆபீசிலிருந்து சீக்கிரம் கிளம்பி ஆற்றங்கரையில் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காது டாக்டரிடம் எப்போது போகப் போகிறாய் என்று மட்டும் கேட்கிறேன். கருவி மாட்டிக்கொள்வது உன் இஷ்டம். வீடு இரண்டுக்கும் தயார்.

வீடு எழும்புகிறது. ஆற்றங்கரை மண் அல்வா மாதிரி குழைகிறது என்று தூண்களை ஆழத்தில் இறக்கினோம். அடித்தளத்தை இடுப்பளவு உயர்த்தியிருக்கிறேன், வெள்ளம் வந்தாலும் உன் நடுவீட்டுக்குள் வராது. அனுமதி தருகிற அதிகாரி வந்து ஆற்றுப் பக்க மரமேடையைப் பார்த்து, "இதையும் கட்டடக் கணக்குலதான் சேக்கணும்" என்றார். இது தரையில் பதிக்காதது, தேவைப்பட்டால் தூக்கிவிடலாம் என்றேன். "தூக்குங்க பாப்போம்" என்றார். நாலு பேரை வைத்துத் தூக்கிக் காட்டினோம். மனுஷன் அசந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் எஞ்சினியர் நல்ல மனிதர். என் மகன் வயசு இருக்கும், வாய் மட்டும் கிழவர் மாதிரி. போன வாரம் வந்து, "கம்பி வந்துருக்கு மேடம்" என்றிருக்கிறார். நான், "அப்படியா, உள்ள வரச் சொல்லுங்க, டீ சாப்பிடட்டும்" என்றேன். தம்பி வந்திருக்கு என்று என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து லாரியில் கம்பி இறங்கும்போதெல்லாம் ஆட்கள், "தம்பிக்கு டீ சொல்லுங்க" என்று கேலி செய்கிறார்கள். அச்சகத்து இயந்திரம் போடுகிற சத்தத்தில் யாருக்குத்தான் என்ன கேட்கும். எஞ்சினியர் என்னடாவென்றால், "உங்களுக்கு இடது பக்கம் நின்னு பேசினா சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு" என்று எப்போதும் சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்கமே நிற்கிறார்.

நேற்றுக் கூரைக் கண்ணாடி வைக்கப் போகும் இடத்தின் வழியாக முதல் ஒளி உள்ளே இறங்கியது. ஒளி. பார்த்தாயா, எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன்.

உன்
வாலு


நவம்பர் 8

என் வாலு,

குளிர் தொடங்கிவிட்டது, முழங்கால் ஞாபகப்படுத்துகிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. இரண்டு காதிலும் கருவி வாங்கி மாட்டிக்கொண்டேன். இடது காதில் கொஞ்சம்தான் பிடிக்கிறது, வலதில் நன்றாகவே.

முதல் நாள் தெருவில் யாரோ என் பின்னாலேயே வருவதாக நினைத்து இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். என் செருப்புதான். அப்பளம் பொரியும் சத்தத்தை மறந்தே போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அவர் மனைவியோடு இவ்வளவு சண்டை போடுவார் என்றும் இத்தனை நாள் தெரியாது. சில சமயம் கழற்றி வைத்துவிடுகிறேன், அந்தச் சௌகரியம் உங்களுக்கெல்லாம் உண்டா? டாக்டர், "ரெண்டு வருஷம் முன்னாடியே வந்துருக்கலாமே" என்றார். ஆளாளுக்கு இதையே சொல்கிறார்கள். வர முடிந்திருந்தால் வந்திருக்க மாட்டேனா.

பிப்ரவரியில் ரயில் ஏறுகிறேன். சாமான்கள் முன்னால் வரும்.

இன்னொன்று. உன் 'தம்பி' கதையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை. உன் ஆபீஸ் பெரியவர் மூன்று தடவை கூப்பிட்டதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். அதையும் எடுத்துப் பார்த்தேன்.

எஞ்சினியர் எதற்காக உன் வலப்பக்கமே நிற்கிறார்?

இதற்குப் பதில் எழுத வேண்டாம். நீ கேட்காமல் இருந்ததால்தான் நானும் சொன்னேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் தபாலில் வராது. நாளை நீ வந்து சேர்ந்த பிறகு, மறுநாள் காலையில் வட்ட மேசையில் வைத்துவிட்டுப் போவேன். ஆகவே நலமா என்று கேட்பது அசட்டுத்தனம், நேரிலேயே பார்த்திருப்பேன். ரயிலில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வந்திருப்பாய், வலிக்கும். படி தாழ்வுதான்.

இன்று மதியம் எல்லோரும் கிளம்பிய பிறகு எஞ்சினியரை மட்டும் இருக்கச் சொன்னேன். தெருக்கதவைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் அடுப்பு மேடையில் நின்றேன். சுவரில் வெயில் ஓடி வந்தது. பொத்தானை அழுத்தச் சொன்னேன், மூன்று விளக்கும் எரிந்தன. இருவரும் மாடிக்குப் போனோம், அவர் நடந்தார், மரத்தளத்தில் நின்ற என் பாதத்துக்குத் தெரிந்தது. நான் வரைந்தபடியே எல்லாம் நடந்தன. இது என் வேலையில் எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியாது.

பிறகு கீழே வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். எஞ்சினியர் வழக்கம்போல வலப்பக்கம் வந்தார். "வேண்டாம், இடது பக்கம் உக்காருங்க" என்றேன்.

"சுவத்துக்கிட்டயா மேடம்?" என்று சிரித்தபடி உட்கார்ந்தார். என்னமோ பேசினார், அவர் வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றி, வந்த வரன்களைப் பற்றி. படகு போனது, வெளிச்சம் கூரையில் நெளிந்தது. அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடினேன். ஒரு முணுமுணுப்பு மட்டும் மிஞ்சியது. ஆறா, அவரா என்று தெரியவில்லை.

கண்ணைத் திறந்தால், "தூக்கம் வருதா மேடம்? நான் கிளம்பட்டுமா?" என்கிறார்.

நான் பயந்துபோயிருப்பேன் என்று நினைக்காதே. இத்தனை நாள் அச்சகத்து இயந்திரத்தையும், வேலை மும்முரத்தையும், இவர் வாய்க்குள்ளேயே பேசுவதையும் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு அலுப்பாக இருந்தது என்பது அந்த நிமிஷம்தான் தெரிந்தது. எழுந்து ஜன்னல்களையெல்லாம் நானே துடைத்தேன். பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன். எஞ்சினியர் ஒரு மாதிரி பார்த்தார்.

நாளை மறுநாள் ஆபீசுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். போகப் போவது காது டாக்டரிடம். இவருக்குத் தெரியாது, பெரியவருக்குத் தெரியாது, நாளை ரயிலடியில் உன்னிடமும் மூச்சு விட மாட்டேன். நீ இதைப் படித்து முடிக்கும்போது நான் திரும்பி வந்துகொண்டிருப்பேன். நீ எங்கே இருந்தாலும் சரி, சுவரைப் பார்த்துக்கொண்டிரு.

டாக்டர் என்ன சொன்னாலும் சரிதான், அக்கா. அப்பாவுக்குக் கிடைக்காத வீடு நமக்குக் கட்டியாகிவிட்டது.

உன்
வாலு